பி.எச்.டி. படிக்க 3 இடம் கிடைத்தால் எதை எடுப்பது?
பெயரைப் பார்த்து மயங்காதே! கடிதத்தைப் படி!

வெளிநாட்டுக்குப் போய் டாக்டர் பட்டம் வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு பிப்ரவரி, மார்ச் மாதங்கள் முக்கியமானவை.

அப்பொழுதுதான் கடிதம் வரும்.

"உங்களுக்கு இடம் தந்திருக்கிறோம். வருகிறீர்களா?" என்று சர்வகலாசாலைகள் கேட்கும்.

சில பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் வரும். சிலருக்கு 2 வரும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு 3, 4 கூட வரும்.

ஒன்று வந்தால் சந்தோஷம். மூன்று வந்தால் சந்தோஷத்தோடு குழப்பமும் வந்துவிடும்.

எதில் கையெழுத்துப் போடுவது?

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

"பெயர் பெற்ற இடத்துக்குப் போ" என்பார் அப்பா.

"மாமா இருக்கிற ஊருக்குப் போ" என்பார் அம்மா.

"பணம் அதிகம் தருகிற இடத்துக்குப் போ" என்பான் நண்பன்.

மூன்றும் அன்பினால் சொல்லும் யோசனைதான். ஆனால் மூன்றும் அரைகுறை யோசனை. முழு யோசனை அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. அதை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

எப்படிப் படிப்பது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

படிப்பா? வேலையா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எம்.எஸ். படிப்பு வேறு, பி.எச்.டி. வேறு.

எம்.எஸ். படிக்கப் போனால், பெரும்பாலும் நாம் பணம் கட்ட வேண்டும். பி.எச்.டி. படிக்கப் போனால், அவர்கள் நமக்குப் பணம் தருவார்கள். விஞ்ஞானம், என்ஜினீயரிங் துறைகளில் இதுதான் வழக்கம்.

கல்லூரிச் சம்பளத்தைத் தள்ளுபடி செய்வார்கள். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் உபகாரச் சம்பளம் தருவார்கள்.

சும்மா தருவார்களா? மாட்டார்கள்.

அதற்குப் பதிலாகப் பிள்ளை வேலை செய்ய வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தில் உழைக்க வேண்டும். இல்லாவிட்டால், கீழ் வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும்.

அமெரிக்காவில் இது 5 அல்லது 6 வருஷம் நடக்கும்.

ஆகவே அந்தக் கடிதத்தை 5 வருஷத்துக்கு எழுதும் குத்தகைப் பத்திரம் போல நினைத்துக்கொள்ளுங்கள். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறவர் ஊர்ப் பெயரை மட்டுமா பார்க்கிறார்? தண்ணீர் உண்டா, பாதை உண்டா, சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கிறார் அல்லவா? அதே விசாரணை இதற்கும் வேண்டும்.

2025-ல் என்ன நடந்தது?

இந்த விசாரணை முன்பும் தேவைதான். இப்பொழுது இன்னும் அதிகம் தேவை.

காரணம், 2025-ம் வருஷம் அமெரிக்காவில் நடந்த சம்பவங்கள்.

அந்த நாட்டு ஆராய்ச்சிக்கு சர்க்கார் ஏராளமாகப் பணம் தருகிறது. 2025 தொடக்கத்தில் அந்தப் பணத்துக்கு வெட்டு விழுந்தது. பல ஆராய்ச்சிகளுக்கான மானியம் ரத்து ஆயிற்று. வழக்குகள் கோர்ட்டுக்குப் போயின.

மானியம் வருமா, வராதா என்று சர்வகலாசாலைகள் திகைத்தன. பல இடங்களில் புது மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள யுமாஸ் சான் மருத்துவ சர்வகலாசாலை ஒரு படி மேலே போயிற்று. "இடம் தருகிறோம்" என்று பி.எச்.டி. மாணவர்களுக்கு அனுப்பிய கடிதங்களையே திரும்பப் பெற்றுக்கொண்டது!

இடம் கிடைத்த பிறகும் இடம் போகலாம் என்பதை மாணவர்கள் அப்பொழுது தெரிந்துகொண்டார்கள்.

அந்த வருஷம் மே 22-ந் தேதி இன்னொரு அதிர்ச்சி.

ஹார்வர்டு சர்வகலாசாலையின் பெயரைக் கேட்டாலே எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த ஹார்வர்டு இனி வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கக்கூடாது என்று அமெரிக்க சர்க்கார் உத்தரவு போட்டது. மறுநாளே கோர்ட்டு அந்த உத்தரவைத் தடுத்து நிறுத்தியது. ஆனாலும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தவித்துப் போனார்கள்.

அதே மாதம் 27-ந் தேதி முதல், மாணவர் விசாவுக்குப் புதிதாகப் பேட்டித் தேதி தருவதை நிறுத்தினார்கள். ஜூன் 18-ந் தேதிதான் மீண்டும் தொடங்கப் போவதாக அறிவித்தார்கள்.

சென்னை அண்ணா மேம்பாலத்தின் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா வாங்கக் காத்திருந்த நம் பிள்ளைகளுக்கும் இது தலைவலிதான்.

இந்தச் செய்தி நமக்கு ஏன்? ஏனென்றால், அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் முதல் இடம். 2024-25 கணக்குப்படி 3 லட்சத்து 63 ஆயிரம் பேர்.

பெயர் பெரிதா?

இந்தச் சம்பவங்கள் ஒரு பாடம் சொல்கின்றன. பெரிய பெயர் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

அப்படியானால் பெயருக்கு மதிப்பே இல்லையா?

உண்டு. அதை மறைக்கக்கூடாது.

2022-ல் "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியர் ஆனவர்களைக் கணக்கு எடுத்தார்கள். அவர்களில் 80 சதவிகிதம் பேர், சுமார் 20 சதவிகித சர்வகலாசாலைகளில் இருந்து வந்தவர்கள்!

ஆகவே, "அமெரிக்காவில் பேராசிரியர் ஆவேன்" என்று ஒரே பிடியாக இருக்கும் பிள்ளைக்குப் பெயர் உதவும்.

ஆனால் பெயர் ஒன்றே தலைவிதி அல்ல. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனைப் பாருங்கள்.

1976-ல் அவர் டாக்டர் பட்டம் வாங்கியது ஒகையோ சர்வகலாசாலையில். ஹார்வர்டு அல்ல, எம்.ஐ.டி. அல்ல. பட்டம் வாங்கியது பௌதிகத்தில். பிறகு உயிரியலுக்கு மாறினார். 2009-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்!

எல்லோரும் வெங்கி ஆகிவிட முடியாது. ஆனால் சிறிய பெயருள்ள இடத்தில் இருந்து பெரிய இடத்துக்குப் போக வழி இருக்கிறது என்பது மட்டும் உண்மை.

எனவே பெயரைக் கடைசியில் பாருங்கள். மற்ற எல்லாம் சமமாக இருந்தால் பெயரை வைத்து முடிவு செய்யுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை வேறு.

பணம் உறுதியா?

முதலாவது, பணம்.

"எவ்வளவு தருகிறார்கள்?" என்று கேட்பது போதாது. நான்கு கேள்வி கேட்க வேண்டும்.

1. எத்தனை வருஷத்துக்கு? "5 வருஷத்துக்கு உறுதி" என்று எழுத்தில் இருந்தால் நல்லது. "முதல் வருஷத்துக்குத் தருகிறோம்; பிறகு பார்க்கலாம்" என்று இருந்தால் உஷார்!

2. வருஷத்துக்கு எத்தனை மாதம்? சில இடங்களில் 12 மாதமும் பணம் வரும். சில இடங்களில் 9 மாதம்தான். கோடை விடுமுறை 3 மாதமும் என்ன சாப்பிடுவது?

3. யார் பணம்? சர்வகலாசாலையே தரும் பெல்லோஷிப் இருக்கிறது. பாடம் சொல்லிக் கொடுப்பதற்குத் தரும் சம்பளம் இருக்கிறது. பேராசிரியர் தமக்கு வரும் மானியத்தில் இருந்து தரும் சம்பளமும் இருக்கிறது. இந்த மூன்றாவது வகைதான் சர்க்கார் மானியத்தை வெட்டினால் முதலில் ஆடும். "மானியம் நின்றால், வேறு வழியில் பணம் தருவீர்களா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

4. எவ்வளவு கழியும்? கல்லூரிச் சம்பளம் தள்ளுபடி என்பார்கள். ஆனால் "இதர கட்டணம்" என்று தனியாக ஒன்று இருக்கும். வைத்திய இன்ஷூரன்ஸ் இருக்கும். வருமான வரி இருக்கும். எல்லாம் போக மீதி என்ன?

ஒரு கணக்கு

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சர்வகலாசாலை பெரிய நகரத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு 42,000 டாலர் தருகிறது. மாதம் 3,500 டாலர். ஓர் அறைக்கு வாடகை 1,800 டாலர். மீதி 1,700 டாலர்.

இன்னொன்று சிறிய ஊரில் இருக்கிறது. வருஷத்துக்கு 30,000 டாலர்தான். மாதம் 2,500 டாலர். வாடகை 800 டாலர். மீதி அதே 1,700 டாலர்!

12,000 டாலர் வித்தியாசம் எங்கே போயிற்று? வாடகையாகப் போயிற்று. வரியையும் கணக்கில் சேர்த்தால், அதிகம் சம்பாதிக்கிறவர் கையில் மீதி இன்னும் கொஞ்சம் குறையும்.

பாஸ்டன், நியூயார்க், சான்பிரான்சிஸ்கோ நகரங்களில் வாடகை மிக அதிகம். அங்கெல்லாம் சம்பளத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

2022 நவம்பரில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சுமார் 48,000 ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களில் ஏராளமானோர் ஆராய்ச்சி மாணவர்கள். "தருகிற பணம் வாடகைக்கே போதவில்லை" என்பது அவர்களுடைய பெரிய குறை. சுமார் 6 வாரம் போராடி சம்பள உயர்வு பெற்றார்கள்.

கைடு யார்?

இரண்டாவது, கைடு. அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர்.

பணத்துக்கு அடுத்தபடி சொன்னாலும், உண்மையில் இதுதான் தலையாயது. 5 வருஷ வாழ்க்கை அவர் கையில். அவர் சரி என்றால்தான் பட்டம். அவர் எழுதும் சிபாரிசுக் கடிதம்தான் அடுத்த வேலைக்கு வழி.

நல்ல கைடு கிடைத்தால் சுமாரான இடமும் சொர்க்கம். கைடு சரியில்லை என்றால் உலகப் புகழ் பெற்ற இடமும் நரகம்.

அவரைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?

அவரிடமே கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார். அவரிடம் இப்பொழுது படிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். பட்டம் வாங்கிப் போனவர்களிடம் கேளுங்கள். பாதியில் விட்டுப் போனவர் யாராவது இருந்தால், அவரிடம் அவசியம் கேளுங்கள்.

என்ன கேட்பது?

"கடைசியாகப் பட்டம் வாங்கிய 5 பேருக்கு எத்தனை வருஷம் ஆயிற்று?"

"அவர்கள் இப்பொழுது எங்கே வேலை பார்க்கிறார்கள்?"

"எத்தனை பேர் நடுவில் விலகினார்கள்? ஏன்?"

"எழுதிக் கொடுத்ததைக் கைடு எத்தனை நாளில் படித்துத் தருவார்?"

"ஊருக்குப் போய் வர லீவு தருவாரா?"

பதிலைக் கேட்பதோடு, பதில் சொல்கிறவரின் குரலையும் கவனியுங்கள். நல்ல கைடைப் பற்றி மாணவர்கள் தயங்காமல் பேசுவார்கள். தயக்கம் இருந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. ஒரே ஒரு பேராசிரியரை நம்பிப் போகாதீர்கள். அவர் வேறு ஊருக்கு மாறிப் போகலாம். அவருடைய மானியம் நின்று போகலாம். அதே துறையில், பிள்ளைக்குப் பிடித்த ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்கள் 2, 3 பேராவது இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பல விஞ்ஞானத் துறைகளில் முதல் வருஷம் 2, 3 ஆராய்ச்சிக்கூடங்களில் சில வாரம் வேலை செய்து பார்த்து, பிறகு கைடைத் தேர்ந்தெடுக்கலாம். வெளிநாட்டில் இருந்து போகிற பிள்ளைக்கு இது நல்ல ஏற்பாடு. நேரில் பழகிப் பார்க்காமல் தலையைக் கொடுக்க வேண்டியது இல்லை.

விசா பேசும்!

மூன்றாவது, விசா.

உள்நாட்டு மாணவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

கைடோடு சண்டை வந்தால், அமெரிக்க மாணவர் வீட்டுக்குப் போய் 6 மாதம் யோசிப்பார். நம் பிள்ளையால் முடியாது. எப்-1 என்ற மாணவர் விசா படிப்போடு கட்டப்பட்டது. அனுமதி பெற்றுப் படிப்பில் இருந்து விலகினால், நாட்டை விட்டுக் கிளம்ப 15 நாள்தான் அவகாசம்!

வெளியே கடையில் வேலை செய்து சமாளிக்கலாம் என்றும் நினைக்க முடியாது. விதி இடம் கொடுக்காது.

கலியாணம் ஆனவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் மாணவரின் கணவனோ மனைவியோ வேலை பார்க்கக்கூடாது. ஒருவர் சம்பளத்தில் இருவர் சாப்பிட வேண்டும்.

படித்து முடித்தபின்? 2025 நிலவரப்படி, 12 மாதம் அங்கே வேலை பார்க்கலாம். விஞ்ஞானம், என்ஜினீயரிங் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் உண்டு.

அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசா வேண்டும். 2025 செப்டம்பரில் இதற்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க ஜனாதிபதி அறிவித்தார். அங்கேயே மாணவராக இருந்து வேலை விசாவுக்கு மாறுகிறவர்களுக்கு இது கிடையாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது.

விதி இன்று ஒன்று, நாளை ஒன்று. பட்டம் வாங்க 5 வருஷம் ஆகும்பொழுது விதி எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே, "அமெரிக்காவில் தங்க முடியாமல் போனாலும் இந்தப் பட்டம் எனக்கு உதவுமா?" என்று பிள்ளை தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். "உதவும்" என்று பதில் வந்தால்தான் புறப்பட வேண்டும்.

மற்ற நாடுகள்

மூன்று கடிதமும் ஒரே நாட்டில் இருந்து வர வேண்டும் என்பது இல்லை.

பிரிட்டனில் படிப்பு 3 அல்லது 4 வருஷம்தான். கைடு தொடக்கத்திலேயே முடிவாகிவிடுவார். சர்க்கார் ஆராய்ச்சி நிதி 2025-26-ல் குறைந்தது 20,780 பவுன் தந்தது. அதற்கு வரி கிடையாது. ஆனால் விசா வாங்கும்பொழுதே வைத்தியத்துக்கு என்று வருஷத்துக்கு 776 பவுன் வீதம், எல்லா வருஷத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்ட வேண்டும். பி.எச்.டி. மாணவர் கணவனையோ மனைவியையோ அழைத்துப் போகலாம். அவர்கள் வேலையும் பார்க்கலாம். பட்டம் வாங்கியபின் 3 வருஷம் தங்கி வேலை பார்க்கலாம்.

ஜெர்மனியில் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர் ஒரு சம்பளக்காரர். வேலை ஒப்பந்தம் உண்டு. வைத்திய இன்ஷூரன்ஸ், பென்ஷன் பிடித்தம் உண்டு. ஆனால் பல ஒப்பந்தங்களில் முழுச் சம்பளம் வராது. பாதி அல்லது முக்கால் சம்பளம்தான். எத்தனை சதவிகிதம் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

நம் நாட்டையும் மறக்க வேண்டாம். 2023 முதல் இங்கே ஆராய்ச்சி மாணவருக்கு ஜே.ஆர்.எப். என்ற உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் நோபல் பரிசுக்குரிய ஆராய்ச்சியைச் செய்தது கல்கத்தாவில்!

வீட்டை அடகு வைக்காதே!

பெரிய பெயருள்ள இடத்தில் இருந்து கடிதம் வந்து, அதில் "பணம் தர இயலாது" என்று எழுதி இருந்தால்?

பெற்றோர்களே! இங்கேதான் நிதானம் வேண்டும்.

பிள்ளையின் ஆசையைக் கண்டு, வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பாங்கிக்கு ஓடாதீர்கள். எம்.எஸ். படிப்புக்கு 2 வருஷக் கடன். அதுவே பெரிய பாரம். பி.எச்.டி.க்கு 5 வருஷக் கடன் என்றால் அதை அடைப்பது எப்பொழுது? ஆராய்ச்சியில் "இத்தனாம் தேதி முடியும்" என்ற உறுதியும் இல்லை.

பணம் தராமல் அழைக்கிறார்கள் என்றால், அந்தப் பிள்ளைக்காகச் செலவு செய்ய அவர்கள் தயாராக இல்லை என்றுதான் பொருள். அடுத்த வருஷம் மீண்டும் மனுப் போடலாம். ஒரு வருஷம் போனால் திரும்பப் பிடிக்கலாம். வீடு போனால் பிடிக்க முடியாது.

ஏப்ரல் 15

எத்தனை நாள் யோசிக்கலாம்?

அமெரிக்க சர்வகலாசாலைகள் பலவும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. பண உதவியோடு இடம் கிடைத்த மாணவர் ஏப்ரல் 15-ந் தேதிக்கு முன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே அது.

"ஒரு வாரத்தில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இடம் போய்விடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த சர்வகலாசாலை இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால், மரியாதையாக ஒப்பந்தத்தை நினைவுபடுத்தி அவகாசம் கேளுங்கள். தவறில்லை.

ஆனால் வேண்டாம் என்று முடிவு செய்த இடத்தை ஏப்ரல் 15 வரை பிடித்து வைத்திருக்காதீர்கள். "நன்றி. வேறு இடத்துக்குப் போகிறேன்" என்று உடனே நாலு வரி எழுதுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இன்னொரு வீட்டுப் பிள்ளை இருக்கிறது. நீங்கள் இன்று விட்டால் அந்தப் பிள்ளைக்கு நாளை கடிதம் போகும்.

இன்றே செய்யுங்கள்

கடிதங்கள் கையில் இருக்கிறதா? ஒரு தாளை எடுங்கள். சர்வகலாசாலைகளின் பெயரை எழுத வேண்டாம். அ, ஆ, இ என்று மட்டும் எழுதுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் நேரே எழுதுங்கள்: பணம் எத்தனை வருஷம் உறுதி? செலவு போக மாதம் எவ்வளவு மீதி? கைடு எப்படி? மாற்றுக் கைடு உண்டா? சராசரி எத்தனை வருஷத்தில் பட்டம்? நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தாலும் பட்டம் உதவுமா?

எழுதியதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். எது நல்லது என்று முடிவு செய்யுங்கள்.

அதன் பிறகு பெயரை எழுதிப் பாருங்கள்.

பெயரைப் பார்த்ததும் மனம் மாறத் துடிக்கும். அப்பொழுது தாளில் எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். 5 வருஷம் அங்கே இருந்து, சமைத்துச் சாப்பிட்டு, ராத்திரி பகலாக உழைக்கப் போவது பிள்ளைதான். கையெழுத்தும் பிள்ளையுடையதுதான். முடிவையும் அந்தப் பிள்ளையே சொல்லட்டும்!